மேட்டுக் கணக்கு

யோகேஸ்வரன் தன் வேனில் ஏற வருகிறவர்களை முதலில் கண்ணாலேயே நிறுத்துப் பார்ப்பான். ஆள் எவ்வளவு கனம், கையில் இருக்கிற உரப்பை எவ்வளவு கனம், பைக்குள் இருப்பது உருளைக்கிழங்கா உடுப்பா என்பதெல்லாம் ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு வாய் சும்மா இருக்காது.

“என்னா மாமி, ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்? பாதிச் சந்தையத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க?”

“ரெண்டு கட்டு லீக்ஸுடா. அங்க என் மக இருக்கால்ல, அவளுக்கு.”

“உங்களுக்கு ரெண்டு கட்டு. மேட்டுல ஏறுறப்ப என் வண்டிக்கு அது ரெண்டு ஆளு.”

இப்படிக் கஞ்சத்தனம் பேசுகிறவனை யாருக்குப் பிடிக்கும் என்று கேட்கலாம். ராகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஹயருக்குக் கேட்டால் ஒரு தொகை சொல்வான். சொன்னால் சொன்னதுதான். போய் வந்த பிறகு மழை, ரோட்டு மோசம், வண்டி எண்ணெய் கூடக் குடித்துவிட்டது என்று தலையைச் சொறிகிற வேலை அவனிடம் கிடையாது. மற்ற வேன்காரர்களுக்கு ஏற்றும்போது ஒரு பேச்சு, இறக்கும்போது ஒரு பேச்சு. அதனால் கல்யாணமோ கோயிலோ பிரசவமோ, ஜனம் முதலில் தட்டுவது இவன் வீட்டுக் கதவைத்தான்.

இந்தக் கணக்கு அவனுக்குத் தோட்டத்தில் வந்து சேர்ந்தது. வேன் எடுப்பதற்கு முன்னால் பல வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவன். மலையில் பறித்த கொழுந்தை பெக்டரிக்குக் கொண்டுவந்து கொட்டுகிற வேலை. தோட்டத்தில் டீசலை அளந்துதான் கொடுப்பார்கள். அளவுக்கு மேலே போனால் சம்பளத்தில் கை வைத்துவிடுவார்கள். எந்த வளைவில் எந்தக் கியர், எங்கே காலைத் தூக்கலாம், எங்கே அழுத்தியே தீர வேண்டும் என்பதெல்லாம் அப்படிப் பயந்து பயந்து உடம்பில் ஏறிய பாடம்.

லீசிங்கில் இந்தப் பழைய டீசல் வேனை எடுத்ததும் அவன் செய்த முதல் வேலை, அதன் வயிற்றை அளந்ததுதான். டேங்கை வாய்வரை ரொப்புவான். நுவரெலியாவுக்குப் போய் வருவான். மறுபடி வாய்வரை ரொப்புவான். இறம்பொடை கோயிலுக்கு ஒருமுறை, சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக்கு ஒருமுறை, கண்டிக்கு இரண்டு முறை என்று விடாமல் பார்த்தான். இறங்கும்போது மிச்சம் பிடிப்பதை ஏறும்போது வண்டி வட்டியோடு தின்றுவிடுகிறது. இரண்டையும் கலந்து பார்த்தால் எங்கே போனாலும் ஒரே விடை வந்தது. லீட்டருக்கு ஏழு கிலோமீட்டர்.

குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். ஆனாலும் மனுஷனுக்கு ஏதாவது ஒரு போதை வேண்டியிருக்கிறது. யோகேஸ்வரனுக்கு அது இந்த ஏழு. தூரத்தைச் சொல்லுங்கள், ஏழால் பிரித்து எண்ணெய்ச் செலவைக் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு, சரிதானே என்று ஒரு பார்வை பார்ப்பான். அது சரியாகத்தான் இருந்தது. கண்டிக்கு அப்பால் அவன் வண்டியை ஓட்டிப் போனதே இல்லை.

ஆவணி பிறந்த சமயம் ஒரு சாயந்தரம் வீரம்மா அவனிடம் வந்தாள். அவன் பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரி. இவன் சின்ன வயதிலிருந்தே பெரியம்மா என்று கூப்பிடுகிற ஆள்.

“யோகேசு, கிளிநொச்சிக்குப் போய் வரணும்னா என்னாப்பா ஆவும்?”

அவன் கழுவுவதை நிறுத்தினான். கிளிநொச்சி என்றால் கிருஷாந்தி. வீரம்மாவின் ஒரே பெண். கொழும்பில் உடுப்புக் கடையில் வேலை செய்த இடத்தில் திலக்ஷன் என்ற கிளிநொச்சிப் பையனைப் பார்த்து, வீட்டில் சொல்லி, ராகலைக் கோயிலில் கட்டிக்கொண்டு போனவள். திலக்ஷனின் தாத்தா காலத்து ஆட்களும் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குப் போனவர்கள்தான். அதனால் சம்பந்தத்தில் சிக்கல் இருக்கவில்லை. சிக்கலெல்லாம் பிறகுதான் வந்தது. இப்போது அவளுக்கு மார்பில் கட்டி. அறுத்தும் சரியாகாமல் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“தங்கச்சிக்கு எப்பிடி இருக்கு பெரியம்மா?”

“முடியெல்லாம் போயிருச்சு. போன்ல துண்டக் கட்டிக்கிட்டுத்தான் மூஞ்சியக் காட்டுறா. வேற ஒண்ணும் கேக்கல புள்ள. அம்மா, அப்பாவக் கூட்டிக்கிட்டு ஒரே ஒருதடவ வந்துட்டுப் போங்கங்குறா.”

அப்பாவையும் கூட்டிக்கொண்டு என்பதில்தான் விஷயம் இருந்தது. சின்னத்தம்பிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷம். கக்கூசுக்கே வீரம்மா தூக்கிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் அவரை ஏற்றி, மூன்று இடத்தில் மாற்றி, ஒரு பகல் முழுக்க உட்கார்த்தி வைத்துக் கொண்டுபோக முடியாது. நீ மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவர் குழறிக் குழறிச் சொல்லித்தான் பார்த்தார். ரெண்டு பேரையும் கேட்கிறாள், ரெண்டு பேருமாகத்தான் போவோம் என்று வீரம்மா ஒரே பிடியாக நின்றாள்.

யோகேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு போனில் தூரம் பார்த்தான். போக, வர, அங்கே கொஞ்சம் சுற்ற என்று சேர்த்தால் எழுநூறு கிலோமீட்டர். ஏழால் பிரிக்கக் கணக்குக்கூட வேண்டாம்.

“நூறு லீட்டர் குடிக்கும் பெரியம்மா. எண்ணெய்க்கு மட்டும் முப்பதாயிரம் ஆவும்.” அவள் முகம் மாறுவதைப் பார்த்து அவசரமாகச் சொன்னான். “எனக்கு ஹயர்க் காசு ஒத்த ரூவா வேணாம். தங்கச்சியப் பாக்கப் போறதுக்கு உங்ககிட்ட நான் கூலி வாங்குவேனா? எண்ணெய்க்கு மட்டும் இருந்தாப் போதும்.”

“உன் மனசு எனக்குத் தெரியாதாய்யா. எங்கிட்ட இருபதுக்கு மேல ரெண்டு இருக்கு. அதுல போய் வர முடியாதா?”

யோகேஸ்வரன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதில் குறை சொல்ல முடியாது. மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளலாமா என்றும் நினைத்தான். அந்த மாதத்து லீசிங் இன்னும் கட்டியிருக்கவில்லை, போன மாதத்துப் பாக்கியும் நின்றது. இருக்கிற காசில் புறப்பட்டு, நோயாளி மனுஷனை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது என்றும் நினைத்தான்.

“இல்ல பெரியம்மா. அதுல போய்ச் சேரலாம், வந்து சேர முடியாது. நான் குறைச்சுச் சொல்லி உங்கள நடுவழியில நிப்பாட்டக் கூடாதில்ல.”

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீரம்மா நம்பினாள். வேறு வேன்காரனாக இருந்திருந்தால் பேரம் பேசியிருப்பாள், திட்டியிருப்பாள், இன்னொருத்தனிடம் போய்க் கேட்டிருப்பாள். யோகேசுவிடம் அதெல்லாம் யாரும் செய்வதில்லை. நகையெல்லாம் புருஷனின் வைத்தியத்துக்கு முன்பே அடகுக்குப் போயிருந்தது. தோட்டத்தில் தீபாவளிக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள், அது கைக்கு வந்ததும் போய்விடுவோம் என்று முடிவு செய்தாள். அன்றைக்கே மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். தீபாவளிக்கு அப்பாவும் நானும் வேனில் வருகிறோம், யோகேசு அண்ணன் கூட்டிக்கொண்டு வருவான், அதுவரைக்கும் நல்லாச் சாப்பிட்டுத் தைரியமாக இரு என்றாள். கிருஷாந்தி சரியம்மா என்றாளாம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடி, யாருக்கு எந்த மலை என்று கண்டாக்கு ஐயா பிரித்துக்கொண்டிருந்த நேரம். வீரம்மாவின் போன் அடித்தது. அவள் போனைக் காதில் வைத்தாள், கூடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மரண சகாய சங்கத்தின் செயலாளர் முத்துலிங்கம் அரை மணி நேரத்தில் யோகேஸ்வரன் வீட்டு வாசலில் நின்றார். மாதா மாதம் ஒவ்வொரு வீட்டுச் சம்பளத்திலும் பிடிக்கிற பணத்தில் ஓடுகிற சங்கம் அது. கட்டிக்கொடுத்த பிள்ளை செத்தாலும் பெற்றவர்கள் போய் வருகிற வண்டிச் செலவைச் சங்கம் கொடுத்துவிடும். நோயில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் போவதற்குத்தான் உலகத்தில் எங்கேயும் ஒரு சங்கம் இல்லை.

“எவ்வளவு ஆவும் யோகேசு?”

“எண்ணெய் முப்பது வரும்ணே. எனக்கு ஒண்ணும் வேணாம்.”

முத்துலிங்கம் முப்பதாயிரத்தையும் அங்கேயே எடுத்துக் கொடுத்தார். ஆவணியிலிருந்து வீரம்மா எட்டிப் பிடிக்க முடியாமல் இருந்த தொகை, ஒரு சாவு விழுந்ததும் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

சின்னத்தம்பியை இரண்டு பேர் தூக்கி நடு சீட்டில் சாய்த்து உட்கார்த்தினார்கள். வீரம்மா அவருக்குப் பக்கத்தில். அவளுடைய தங்கச்சி நாகலெட்சுமி, கொழுந்தன்மார், ஒன்றுவிட்ட சொந்தங்கள் என்று வேன் நிறைந்துவிட்டது. அன்றைக்கு யோகேஸ்வரன் யாரையும் கண்ணால் நிறுக்கவில்லை. ஏறுகிறவர்களெல்லாம் ஏறட்டும் என்று விட்டுவிட்டான்.

ராகலையில் டேங்கை வாய்வரை ரொப்பிக்கொண்டு புறப்பட்டான். இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. செக்கன்ட் கியர், பிரேக், மறுபடி செக்கன்ட் கியர். பின்னால் நாகலெட்சுமி ஒப்பாரியை எடுப்பாள், கொஞ்ச தூரம் போனதும் சோர்ந்து விடுவாள், மறுபடி எடுப்பாள். வீரம்மா அழவில்லை. புருஷனின் தலை கண்ணாடியில் மோதாமல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்டியைத் தாண்டியபோது எண்ணெய் முள் அவன் நினைத்த இடத்தில் நின்றது. தம்புள்ளையில் கொஞ்சம் அடிக்க வேண்டும், வவுனியாவுக்குள் மறுபடி ரொப்ப வேண்டும் என்று மனதுக்குள் போட்டு வைத்திருந்தான்.

தம்புள்ளை வந்தது. அடிக்க வேண்டியிருக்கவில்லை. அதைத் தாண்டியதும் ரோட்டு நேராகப் படுத்துவிட்டது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, வளைவு இல்லை. இரண்டு பக்கமும் காடும் வயலும் குளமும் மாறி மாறி வந்தன. டொப் கியருக்கு மாற்றினான். எப்படியும் அடுத்த வளைவில் இறக்க வேண்டியிருக்கும் என்று கை கியரிலேயே இருந்தது. வளைவு வரவில்லை. கையை எடுத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அந்த வேன் டொப் கியரில் இவ்வளவு நேரம் ஓடி அவன் கேட்டதே கிடையாது. முனகல் இல்லை, இருமல் இல்லை, காலைச் சும்மா வைத்திருந்தாலே அது பாட்டுக்குப் போனது. சொல்லக் கூசுகிறது, சாவு வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு முள்ளைப் பார்த்தான். அது இறங்கவில்லை. விரலால் கண்ணாடியைத் தட்டினான். அசையவில்லை. முள் செத்துப்போய்விட்டது என்று நினைத்தான். டேங்க் காலியாகி, இந்த நோயாளி மனுஷனோடும் இந்தத் தாயோடும் நடுக்காட்டில் நின்றுவிட்டால்? மதவாச்சியில் எண்ணெய் ஷெட்டைக் கண்டதும் வண்டியைத் திருப்பிவிட்டான்.

“புல் டேங்க்,” என்றான்.

ஷெட்டில் நின்ற பெரியவர் குழாயை மாட்டினார். அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் எவ்வளவோ போக வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் டக் என்று நின்றது. பெரியவர் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். டீசல் வாய்வரை வந்து நின்றது. “புல் மல்லி,” என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, மூடியைத் திருகினார்.

யோகேஸ்வரன் நகரவில்லை. ராகலையிலிருந்து மதவாச்சி வரைக்கும் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று அவன் போட்டு வைத்திருந்தானோ, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் குடித்திருந்தது. முள் செத்துப்போகவில்லை. அது பாட்டுக்குச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

நுவரெலியா ஸ்டாண்டில் தூர ஹயர் போகிற டிரைவர்மார் சொல்லித்தான் இருந்தார்கள். கீழே ஓடினால் வண்டி எண்ணெயே கேட்காதுடா என்பார்கள். அவன் அதைப் பீற்றல் என்று எடுத்துக்கொண்டான். மேட்டில் அளந்து மேட்டுக்கென்று எடுத்த கணக்கை, மேடே இல்லாத ஊருக்கும் போட்டுவிட்டான். மலையில் பிறந்து மலையிலேயே லொறி ஓட்டியவனுக்கு, ரோட்டு என்றால் ஏறும் அல்லது இறங்கும். இரண்டும் செய்யாமல் ஒரு ரோட்டு சும்மா கிடக்கும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

அப்புறம்தான் வீரம்மா கையில் இருந்த அந்த இருபத்திரண்டாயிரம் அவன் நினைவில் வந்தது.  ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டே இவ்வளவுதான் குடிக்கிறது என்றால், ஆவணியில் இரண்டே இரண்டு பேரோடு வந்திருந்தால்? போயிருக்கலாம், பார்த்திருக்கலாம், திரும்பி வந்திருக்கலாம், கையில் மிச்சமும் இருந்திருக்கும்.

“என்னா யோகேசு, எண்ணெய் பத்தலையா?” வேனுக்குள்ளிருந்து வீரம்மா கேட்டாள். இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். “சங்கத்துக் காசு பத்தலேன்னா இத எடுத்துக்கய்யா. புள்ளயப் பாக்கப் போறதுக்குன்னு வச்சிருந்ததுதான். இனிமே எதுக்கு?”

“வேணாம் பெரியம்மா. போதும்,” என்றான்.  காசைக் கொடுத்துவிட்டு ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். தங்கச்சி மாதிரி பழகினவள்தானே, பாவம் அவனுக்கும் தாங்கவில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கிளிநொச்சியில் பனை வேலி போட்ட வீட்டில் எல்லாரும் இவர்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். பெட்டியில் கிருஷாந்தி சின்னதாகக் கிடந்தாள். தலையில் பூப்போட்ட துண்டு கட்டியிருந்தார்கள். சின்னத்தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் நல்ல கையால் மகளின் நெற்றியைத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். வீரம்மா அப்போதுதான் அழுதாள். வேலிக்கு வெளியே வேனில் சாய்ந்து நின்ற யோகேஸ்வரனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கிருஷாந்தியின் மகள் கௌசிக்கு ஐந்து வயது. வீரம்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “போன் அம்மம்மா,” என்றது. தொட்டுப் பார்த்தது நினைவில் இல்லையே ஒழிய அடையாளம் தெரிந்திருந்தது.

எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடிந்த பிறகு திலக்ஷன் மாமியாரின் பக்கத்தில் வந்து குந்தினான். அவன் பேச்சில் பாதி அவன் வீட்டு மலையகம், பாதி வன்னி.

“இடையில ஒரு மாசம் முழுக்க நல்லாத்தான் இருந்தா மாமி. மருந்துக்கு இடைவெளி விட்டிருந்தாங்க. எழும்பி நடந்தா, ரெண்டு மூணு நாள் சமைச்சா. பின்னேரத்துல வாசல்ல கதிரையப் போட்டு ரோட்டப் பாத்துக்கொண்டு இருப்பா. தீபாவளிக்கு இன்னும் எத்தன நாள் எண்டு கேட்டுக்கொண்டே இருப்பா. போன கிழமைதான் திடீரெண்டு...”

எந்த மாதம் என்று யாரும் கேட்கவில்லை. யோகேஸ்வரன் கேட்காமலே தெரிந்துகொண்டான். அவன் வேன் லயத்து வாசலில் சும்மா நின்ற மாதம் அது.

மறுநாள் திரும்பி வந்தார்கள். கண்டி தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் முள் மளமளவென்று இறங்கியது. இறங்கினதையும் ஏறினதையும் கலந்து பார்த்தால் அங்கே அவன் ஏழு அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. ராகலையில் வாய்வரை ரொப்பிப் பார்த்தான். போக வர மொத்தம் பதினெட்டாயிரம். சங்கத்துப் பணத்தில் பன்னிரண்டாயிரம் அவன் சட்டைப்பையில் மிஞ்சிக் கிடந்தது.

அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் பதினெட்டாயிரம்தான் ஆனது என்பது வெளியே வரும், வீரம்மா காதுக்கும் போகும். கொடுக்காவிட்டால் சாவுக் காசைத் தின்றவன் ஆவான். மனைவி நிஷாந்தியிடம் மட்டும் சொன்னான்.

“வேணும்னா செஞ்சீங்க? தெரியாமதானே,” என்றாள் அவள்.

“தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னேனே, நிஷா. தெரியலன்னு சொல்லியிருந்தா அவங்க வேற யாரையாச்சும் கேட்டிருப்பாங்க.”

 நான்காம் நாள் முத்துலிங்கத்தைத் தனியாகப் பார்த்துப் பணத்தைக் கையில் கொடுத்தான். “மிச்சம்ணே. யாருகிட்டயும் சொல்ல வேணாம்,” என்றான். முத்துலிங்கம் பணத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பிள்ளையா என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான். அவள் மலைக்குப் போகிற வழியில் நின்றும் பார்த்தான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, “சாப்டியாய்யா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒவ்வொரு நாளும் சொல்லாமலே திரும்பி வந்தான்.

கருமாதி கிளிநொச்சியில் நடந்தது. அவ்வளவு தூரம் மறுபடி போக முடியாததால் வீரம்மா லயத்தில் முப்பதாம் நாளுக்கு ஒரு படையல் போட்டாள். தீபாவளி அட்வான்ஸ் வந்திருந்தது. துக்க வீட்டில் தீபாவளி ஏது? அந்தக் காசில்தான் அரிசியும் மரக்கறியும் வாங்கினாள். மகளுக்குப் பிடித்த பயற்றம்பருப்புப் பாயசமும் வைத்தாள்.

லயத்துக்கு முன்னால் பாய் விரித்து ஆட்களை வரிசையாக உட்கார்த்தி, லன்ச் சீட் பிளாஸ்டிக் தாள் விரித்த தட்டுகளில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தம்பி உள்ளே கட்டிலில் இருந்தார். யோகேஸ்வரன் ஒரு ஓரமாக உட்கார்ந்தான். முதல் வாய் வைப்பதற்கு முன்னால் முத்துலிங்கம் எழுந்து நின்றார். செத்த வீட்டுப் படையலில் சங்கத்தின் சார்பில் நாலு வார்த்தை பேசுவது அவருடைய வழக்கம். அனுதாபம் சொன்னார், ஒற்றுமை பற்றிச் சொன்னார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

“இன்னொன்னும் சொல்லணும். சொல்ல வேணாம்னுதான் நம்ம தம்பி சொன்னிச்சு. நல்லது செஞ்சா சொல்லணுமா இல்லையா? யோகேசுக்கு வண்டிக்குன்னு சங்கம் முப்பது குடுத்திச்சு. அது பதினெட்டாயிரத்துல போயிட்டு வந்து, பன்னெண்டத் திருப்பிக் கொண்டாந்து என் கையில வச்சிச்சு. வேற எந்தத் தோட்டத்துலயாச்சும் இப்பிடி ஒரு டிரைவரக் காட்டுங்க பாப்போம்!”

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். யாரோ சாமிய்யா நீ என்றார்கள். யோகேஸ்வரன் தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே, வரிசையின் அந்தக் கோடியில் சாம்பார் வாளியோடு குனிந்திருந்த வீரம்மா அப்படியே நின்றுவிட்டது அவனுக்குத் தெரிந்தது. அகப்பை அடுத்த தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சாம்பார் சொட்டியது. அவளுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலும் தராசுக்காரனோடு சண்டைக்கு நிற்கிறவள். பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் எது பெரியது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டாக வந்தாள்.  யோகேஸ்வரன் தட்டுக்கு முன்னால் வந்து குந்தினாள். சோற்றில் குழி செய்து சாம்பாரை ஊற்றினாள்.

“அப்பவே போயிருக்கலாம்ல?” என்றாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.

“ஆமா பெரியம்மா.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்கு அந்த ரோட்டு தெரியாது பெரியம்மா. தெரியும்னு நெனச்சிட்டேன்.”

அவள் அவனைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.  அவள் கண் நிறைந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள இருக்கிற மனுசனுக்கு இது தெரிய வேணாம். தன்னாலதான் வண்டி வேணும்னு ஆச்சு, தன்னாலதான் புள்ள மூஞ்சியப் பாக்காம போச்சுன்னு ராவெல்லாம் அழுவுறாரு. காசும் கையில இருந்திச்சுன்னு தெரிஞ்சா செத்துருவாரு.”

யோகேஸ்வரன் அதற்கு மேல் தாங்க முடியாமல் பாயில் கையை ஊன்றி எழப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறித்து மரத்துப்போன கை, நல்ல பிடி.

“எந்திரிக்காத. சோத்துல கை வைக்காம எந்திரிச்சா ஏன்னு எல்லாரும் கேப்பாங்க. கேட்டா நான் சொல்லிருவேன். உக்காந்து சாப்புடு.”

கையை விட்டுவிட்டு, இன்னும் ஒரு அகப்பை ஊற்றிவிட்டு, அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். அந்தத் தட்டுக்காரர் போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தார். நல்லாச் சாப்பிடுங்கண்ணே என்று வீரம்மா சொல்வது கேட்டது.

யோகேஸ்வரன் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான். பாயசம் வந்தது, அதையும் வாங்கிக் குடித்தான். தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் தின்று முடித்த பிறகுதான் எழுந்தான்.